மீத்தேனிலிருந்து மெத்தனால்: தாமிர வினையூக்கிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீத்தேன் மூலக்கூறுக்கும் மெத்தனால் மூலக்கூறுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஓர் ஆக்சிஜன் அணுதான். அந்த ஓர் அணுவை நேரடியாகச் சேர்த்து, அதோடு வினையை நிறுத்திக்கொள்வது வேதியியலில் இன்றும் முழுமையாக வசப்படாத வேலையாக இருக்கிறது. சியோலைட்டு என்ற நுண்துளைப் படிகத்துக்குள் பொதிக்கப்பட்ட தாமிரம் இதில் எதைச் சாதித்திருக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பது பற்றி மாணவர்களும் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

மீத்தேனை மெத்தனாலாக மாற்ற வேண்டிய தேவை என்ன?

மீத்தேன் கிடைக்கும் இடம் ஒன்று, தேவைப்படும் இடம் வேறொன்று. மீத்தேனைத் திரவமாக்க அதனைச் சுமார் மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும், மெத்தனாலோ 64.7 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால் சாதாரண வெப்பநிலையில் திரவமாகவே இருந்து, டேங்கர் லாரியிலும் பீப்பாயிலும் ஏறிப் போய்விடும். குழாய் பதிக்கக் கட்டுப்படியாகாத எண்ணெய் வயல்களில், எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் எரிவாயுவை உயர்ந்த குழாய் ஒன்றின் வாயில் வைத்துக் கொளுத்திவிடுகிறார்கள். உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறு எரிந்துபோன வாயு சுமார் 14,800 கோடி கன மீட்டர். எரியாமல் காற்றில் கலந்துவிடும் மீத்தேன் இன்னும் கேடானது; 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன், 80 கிலோவுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாகப் புவியைச் சூடாக்குகிறது.

மெத்தனாலுக்கு வாங்குவோர் பஞ்சமில்லை. பிளைவுட் ஒட்டும் பிசினுக்கு வேண்டிய ஃபார்மால்டிஹைடு, அசிட்டிக் அமிலம், பெட்ரோலில் கலக்கும் சேர்மங்கள், அண்மைக் காலமாகக் கப்பல் எரிபொருள் என்று பல துறைகளுக்கும் சேர்த்து உலகம் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் மெத்தனாலைத் தயாரிக்கிறது.

இன்றைய ஆலைகளிலும் தாமிர வினையூக்கிதானே இருக்கிறது? அப்படியானால் புதிதாக என்ன தேடுகிறார்கள்?

இருக்கிறது, ஆனால் அந்தத் தாமிரம் மீத்தேனைப் பார்ப்பதே இல்லை. ஆலைகளில் வேலை இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டத்தில் மீத்தேனும் நீராவியும் நிக்கல் வினையூக்கியின் மேல் 800 டிகிரிக்கும் அதிகமான வெப்பத்தில் வினைபுரிந்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த தொகுப்பு வாயுவாகின்றன. ஒரு மோல் மீத்தேனுக்கு 206 கிலோஜூல் வெப்பத்தை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். அந்த வாயுவைக் குளிர்வித்து, 50 முதல் 100 வளிமண்டல அழுத்தத்துக்கு ஏற்றி, 200 முதல் 300 டிகிரிக்குள் தாமிரம், துத்தநாக ஆக்சைடு, அலுமினா ஆகியவை சேர்ந்த வினையூக்கியின் மேல் செலுத்தும்போதுதான் மெத்தனால் உருவாகிறது.

இந்தத் தாமிர வினையூக்கியை ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனம் 1966இல் இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு, 1923இல் ஜெர்மனியின் லாய்னாவில் பி.ஏ.எஸ்.எஃப். என்ற வேதிப்பொருள் நிறுவனம் தொடங்கிய முறையில் துத்தநாக, குரோமிய ஆக்சைடுகளே பயன்பட்டன. அவற்றுக்கு 250 வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டியிருந்தது. தாமிரம் சிறந்தது என்று முன்பே தெரிந்திருந்தும் இடையில் நாற்பது ஆண்டுகள் ஓடியதற்குக் காரணம் கந்தகம். வாயுவில் துளியளவு கந்தகம் இருந்தாலும் தாமிரம் செயலிழந்துவிடும். கந்தகமில்லாத தூய தொகுப்பு வாயுவைத் தயாரிக்கத் தெரிந்த பிறகே தாமிரத்துக்கு வழி பிறந்தது.

இந்த முறையில் குறை என்று சொன்னால், மீத்தேனின் நான்கு ஹைட்ரஜனையும் பிடுங்கிவிட்டு, பிறகு மூன்றைத் திரும்ப ஒட்டவைப்பதுதான். நல்ல வீட்டைச் செங்கல் செங்கல்லாகப் பிரித்து, அதே செங்கல்லை வைத்துத் திண்ணை மட்டும் கூடுதலாக உள்ள இன்னொரு வீட்டைக் கட்டுவது போன்றது இது. முதலீட்டில் பாதிக்கும் மேல் தொகுப்பு வாயுப் பகுதிக்கே போய்விடுவதால், நாளொன்றுக்கு 5,000 டன் என்ற அளவில் பெரிய ஆலையாகக் கட்டினால்தான் கணக்குச் சரியாக வருகிறது. தனியாக எங்கோ எரிந்துகொண்டிருக்கும் ஒரு குழாய்க்கு இந்த ஆலை உதவாது. சிறிய அளவில், குறைந்த வெப்பத்தில், ஒரே படியில் மாற்ற முடியுமா என்ற தேடல் அங்கிருந்தே தொடங்குகிறது.

நேரடியாக மாற்றுவது ஏன் இவ்வளவு கடினம்?

மீத்தேனை உடைப்பது கடினம் என்று பாடநூல்கள் சொல்லும். அது பாதி உண்மைதான். மீத்தேனின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்க மோலுக்கு 439 கிலோஜூல் வேண்டும். மூலக்கூறு முழுச் சமச்சீரானது. மின்சுமை ஏற்றத்தாழ்வு இல்லாததால் வினையூக்கி பற்றிக்கொள்ள ஒரு பிடி கூட அதில் இல்லை. ஆயினும் அடுப்பில் நாள்தோறும் அதை எரிக்கிறோம் அல்லவா? உடைப்பதற்கு வழி உண்டு, நிறுத்துவதற்குத்தான் வழியில்லை.

மெத்தனாலில் உள்ள கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் ஆற்றல் சுமார் 402 கிலோஜூல். அதாவது நாம் விரும்பும் விளைபொருள், நாம் தொடங்கும் பொருளைவிட எளிதில் தாக்கப்படக்கூடியது. மீத்தேனைத் தாக்கும் வலிமையுள்ள எந்த மையமும் மெத்தனாலை இன்னும் விரைவாகத் தாக்கி, ஃபார்மால்டிஹைடு, கார்பன் மோனாக்சைடு என்று இறக்கிக்கொண்டே போய்க் கடைசியில் கார்பன் டை ஆக்சைடில் கொண்டுவிடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். வெப்பக் கணக்கும் அதற்கே துணைபோகிறது: மீத்தேன் மெத்தனாலாகும்போது வெளியாவது மோலுக்குச் சுமார் 126 கிலோஜூல், முழுவதுமாக எரியும்போது சுமார் 802 கிலோஜூல்.

எனவே இத்துறையில் இரண்டு அளவுகளைச் சேர்த்தே பேச வேண்டும். உள்ளே போன மீத்தேனில் எத்தனை சதவீதம் வினைபுரிந்தது என்பது மாற்ற அளவு. வினைபுரிந்ததில் எத்தனை சதவீதம் மெத்தனாலாக நின்றது என்பது தேர்திறன். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.

பல உலோகங்கள் இருக்கத் தாமிரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

இயற்கை தேர்ந்தெடுத்திருப்பதால். நெல்வயலில் தேங்கிய நீருக்கு அடியில், காற்றுப் புகாத சேற்றில் மீத்தேன் உருவாகிறது. அதில் ஒரு பகுதி மேலே வருவதற்கு முன்பே, நெற்பயிரின் வேரருகிலும் மண்ணின் மேற்பரப்பிலும் வாழும் மீத்தேன் உண்ணும் பாக்டீரியாக்கள் அதை ஆக்சிஜனேற்றி விடுகின்றன. அவற்றின் உடலில் உள்ள மீத்தேன் மோனோஆக்சிஜனேஸ் என்ற நொதி, சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும், காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டே மீத்தேனை மெத்தனாலாக மாற்றுகிறது.

இந்த நொதியில் இரண்டு வகை உண்டு. செல்லின் நீர்மத்தில் கரைந்திருப்பது இரும்பைப் பயன்படுத்துகிறது. செல்லின் சவ்வில் பதிந்திருப்பது தாமிரத்தைப் பயன்படுத்துகிறது. இரண்டையும் உருவாக்கத் தெரிந்த பாக்டீரியாக்கள், சுற்றிலும் தாமிரம் போதுமான அளவு கிடைத்தால் இரும்பு நொதியை நிறுத்திவிட்டுத் தாமிர நொதிக்கு மாறிவிடுகின்றன. இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீரூற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மெத்திலோகாக்கஸ் கேப்சுலேட்டஸ் என்ற பாக்டீரியாவின் தாமிர நொதியினுடைய படிக அமைப்பை, அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஏமி ரோசன்ஸ்வைக்கின் குழு 2005இல் வெளியிட்டது. மீத்தேன் வினைபுரியும் இடத்தில் இருப்பது இரண்டு தாமிர அணுக்கள் கொண்ட மையம் என்று பல ஆண்டுகள் கருதப்பட்டது. 2019இல் அதே குழுவின் ஆய்வு, அங்கே இருப்பவை தனித்தனித் தாமிர அணுக்கள் என்று காட்டியது. எந்தத் தாமிரம் வேலை செய்கிறது என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பாக்டீரியா இதை இலவசமாகச் செய்யவில்லை. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களில் ஒன்றை மெத்தனாலில் சேர்க்கிறது. மற்றொன்றை நீராக மாற்றுவதற்குத் தன் சேமிப்பிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைச் செலவழிக்கிறது. நொதியைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லும் ஆய்வுகள் பலவும் இந்தச் செலவைப் பற்றிப் பேசுவதில்லை.

சியோலைட்டு என்பது என்ன? அதற்குள் தாமிரம் எங்கே அமர்கிறது?

சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் ஆகிய அணுக்கள் பின்னிக் கட்டிய, மூலக்கூறு அளவிலான துளைகளும் கூண்டுகளும் கொண்ட படிகமே சியோலைட்டு. சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் அமரும்போதெல்லாம் சட்டகத்தில் ஓர் எதிர்மின்சுமை ஏற்படும். அதைச் சமன்செய்ய ஒரு நேர்மின் அயனி பக்கத்தில் இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் சோடியத்தையோ அம்மோனியத்தையோ அகற்றிவிட்டுத் தாமிர அயனியை அமர்த்துவதுதான் அயனிப் பரிமாற்றம்.

இத்துறையில் அதிகம் அடிபடும் பெயர்கள் மூன்று: இசட்.எஸ்.எம்-5, மோர்டினைட், எஸ்.எஸ்.இசட்-13. மோர்டினைட்டில் அகலமான முதன்மைக் கால்வாய்களும், அவற்றின் ஓரத்தில் எட்டு அணு வளையங்களால் ஆன சிறிய பக்கப் பைகளும் உண்டு. தாமிர ஆக்சைடுக் கொத்துகள் அந்தப் பைகளின் வாயிலில் அமர்வதாலேயே மோர்டினைட் மற்றவற்றை முந்துகிறது என்று பல குழுக்களின் அளவீடுகள் காட்டுகின்றன. இரண்டு அலுமினியங்கள் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்பதும் முக்கியம், ஏனெனில் இரண்டு தாமிர அயனிகள் கைகோக்க அந்த நெருக்கம் தேவை. சியோலைட்டின் சட்டகம் இங்கே வெறும் பாத்திரம் அல்ல. தாமிரம் எந்த வடிவில் நிற்க வேண்டும் என்று கட்டளையிடுவதே அதுதான்.

வினை நடக்கும் தாமிர மையம் எப்படி இருக்கும் என்று கண்டறிந்தது யார்?

2005இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஷூன்ஹைட், பெர்ட் செல்ஸ் ஆகியோரின் குழு, தாமிரம் ஏற்றிய இசட்.எஸ்.எம்-5 ஆக்சிஜனில் சூடாக்கப்பட்ட பின் 125 டிகிரியிலேயே மீத்தேனோடு வினைபுரியத் தொடங்குவதைக் கண்டது. அவர்களுக்குத் துப்பாகக் கிடைத்தது ஒரு நிறம். ஆக்சிஜனில் சூடேறிய தூளின் நிறமாலையில், ஊதா ஒளிக்கு அருகே, சென்டிமீட்டருக்கு 22,700 அலைகள் என்ற இடத்தில் ஒளி உறிஞ்சப்படுவதைக் காட்டும் ஓர் உட்கவர் பட்டை தோன்றும். மீத்தேனைச் செலுத்தியதும் அந்தப் பட்டை தேய்ந்து மறைந்துவிடும். பட்டை மறையும் வேகமும் மெத்தனாலின் அளவும் ஒத்துப்போனதால், அந்த நிறத்துக்குச் சொந்தமான தாமிர மையமே வேலை செய்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அந்த மையத்தின் வடிவம் 2009இல் தெளிவானது. லூவன் குழுவும் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் சாலமனின் குழுவும் சேர்ந்து, சிதறும் ஒளியைக் கொண்டு பிணைப்புகளின் அதிர்வை அறியும் ராமன் நிறமாலை மூலம் ஆராய்ந்து, இரண்டு தாமிர அணுக்களுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன் பாலம் போல் வளைந்து நிற்கும் அமைப்பு அது என்று காட்டினார்கள். வளைவின் கோணம் சுமார் 140 டிகிரி. அந்தப் பாலத்திலுள்ள ஆக்சிஜன் மீத்தேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. மீந்த மெத்தில் தனி உறுப்பு (இணையில்லாத எலக்ட்ரானோடு நிற்கும் துண்டு) உடனே அங்கேயே பிடிபட்டுவிடுகிறது.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யோஹானஸ் லெர்ச்சரின் குழு 2015இல் மோர்டினைட்டை ஆராய்ந்தபோது, அங்கே மூன்று தாமிரமும் மூன்று ஆக்சிஜனும் வளையமாகச் சேர்ந்த கொத்து இருப்பதாகக் கூறியது. ஆஸ்லோ, டூரின் பல்கலைக்கழகக் குழுக்கள் 2018இல் வெளியிட்ட அளவீடு இரண்டு தாமிர மையத்துக்கே வலுச் சேர்த்தது. இரு தரப்பும் மோர்டினைட் என்ற ஒரே பெயரைச் சொன்னாலும், அலுமினிய விகிதமும் சூடாக்கிய விதமும் மாறினால் உள்ளே உருவாகும் தாமிரமும் மாறிவிடும் என்பதால், ஒருவர் சரியென்றால் மற்றவர் தவறு என்று எண்ணத் தேவையில்லை.

ஆய்வகத்தில் இது எப்படிச் செய்யப்படுகிறது?

சியோலைட்டுத் தூளைத் தாமிர அசிட்டேட்டின் நீலக் கரைசலில் இரவு முழுவதும் கலக்கி, வடிகட்டி, பலமுறை நீரில் கழுவி உலர்த்துவார்கள். கரைசலின் அமிலநிலை அளவான பி.எச். 6க்குக் கீழே இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே போனால் தாமிரம் ஹைட்ராக்சைடாகப் படிந்து, பிறகு சூட்டில் கறுப்பு ஆக்சைடுத் துகளாகிவிடும். அந்தத் துகள் மெத்தனால் தராது; மீத்தேனை எரிக்க மட்டுமே செய்யும்.

உலர்ந்த தூள் வெளிர்நீலமாக இருக்கும். அதை அழுத்தி வில்லையாக்கி, இடித்துச் சலித்து, ஒரே அளவுள்ள குறுநொய்யாக்கிக் குவார்ட்சுக் குழாயில் இட்டு, இரு முனையிலும் குவார்ட்சுப் பஞ்சு வைத்து உலையில் செருகுவார்கள். ஆக்சிஜன் ஓட்டத்தில் 450 முதல் 500 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கும்போது நீர் முழுவதும் வெளியேறி, தூளின் நீலம் மங்கிப் பச்சைச் சாயல் ஏறும். பிறகு ஹீலியத்தால் ஆக்சிஜனை வெளியேற்றி, 200 டிகிரிக்கு இறக்கி, மீத்தேனை அரைமணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ செலுத்துவார்கள். இந்தக் கட்டத்தில் குழாயின் மறுமுனையில் மெத்தனால் எதுவும் வெளிவராது என்பதுதான் முதன்முறை பார்ப்பவருக்கு வியப்பாக இருக்கும். அது தாமிரத்தோடு மீத்தாக்ஸி என்ற வடிவில் ஒட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கிறது. நீராவி கலந்த ஹீலியத்தை அனுப்பியதும் நீர் அந்தப் பிணைப்பை அவிழ்த்து, தானும் மெத்தனாலும் சேர்ந்து வெளியே வருகிறது; பனிக்கட்டியில் வைத்த குடுவையில் துளித்துளியாக அது சேரும்.

ஆக்சிஜன், மீத்தேன், நீர் என்ற இந்த மூன்று படிகளும் சேர்ந்தால் ஒரு சுழற்சி. ஒவ்வொரு மையமும் ஒரு சுழற்சியில் ஒரேயொரு மீத்தேனைத்தான் தாக்க முடியும். அடுத்த மூலக்கூறைத் தாக்க அதனிடம் ஆக்சிஜன் மீதமில்லை. மெத்தனால் எரியாமல் பிழைப்பது இந்த அமைப்பினால்தான்.

ஒரு சுழற்சியில் எவ்வளவு மெத்தனால் கிடைக்கும்?

ஒரு மீத்தேனை மெத்தனாலாக்க இரண்டு எலக்ட்ரான்கள் கைமாற வேண்டும். ஒரு தாமிர அயனி ஒன்றைத்தான் ஏற்கும். ஆகவே இரண்டு தாமிரத்துக்கு ஒரு மெத்தனால், அதாவது ஒரு மோல் தாமிரத்துக்கு 0.5 மோல் மெத்தனால் என்பதே உச்ச வரம்பு. முன்பு சொன்ன ஆஸ்லோ–டூரின் ஆய்வு 0.47 வரை எட்டியது. ஏறத்தாழ எல்லாத் தாமிரமும் வேலை செய்கிறது என்று பொருள். அறிவியலாகப் பார்த்தால் இது பெரிய சாதனை.

தொழிலாகப் பார்த்தால் கதை வேறு. மியூனிக் குழு 2015இல் அடைந்த அளவு ஒரு கிராம் வினையூக்கிக்குச் சுமார் 160 மைக்ரோமோல். எடையில் சொன்னால், ஒரு கிலோ வினையூக்கி ஒரு சுழற்சியில் தருவது ஏறக்குறைய 5 கிராம் மெத்தனால்; அளவில் 6.5 மில்லிலிட்டர். மருந்து மூடியில் பாதி கூட நிறையாது. எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நாளுக்கு மூன்று சுழற்சிகள் ஓட்டினாலும், இன்றைய பெரிய ஆலையின் 5,000 டன்னை எட்ட 3 லட்சம் டன்னுக்கும் அதிகமான வினையூக்கி வேண்டியிருக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எரிவாயு வீணாவதற்கு விடிவு வந்துவிட்டது என்று எழுதப்படும் செய்திகள் மாணவர்களைத் தவறான எதிர்பார்ப்போடு இத்துறைக்குள் அனுப்புகின்றன. அது எனக்கு உண்மையான வருத்தம்.

படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக ஓட்ட முடியாதா?

முடியும் என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் யூரி ரோமன்-லெஷ்கோவின் குழு 2016இல் காட்டியது. மீத்தேன், மிகக் குறைந்த ஆக்சிஜன், நீராவி ஆகிய மூன்றையும் ஒன்றாக, சுமார் 210 டிகிரியில் தாமிரச் சியோலைட்டின் மேல் செலுத்தியபோது மெத்தனால் இடைவிடாது வந்துகொண்டிருந்தது. ஆனால் வேகம் மிகக் குறைவு. மாற்ற அளவும் மிகச் சிறியது.

சிக்கல் மூன்று பக்கத்திலிருந்தும் இறுக்குகிறது. ஆக்சிஜன் மையத்தை உருவாக்க அதிக வெப்பமும் உலர்ந்த சூழலும் வேண்டும். மெத்தனாலைக் காப்பாற்றக் குறைந்த வெப்பம் வேண்டும். அதை வெளியே கொண்டுவர நீர் வேண்டும். அந்த நீரே மையத்தைச் சூழ்ந்துகொண்டு புதிய மையம் உருவாகாமல் தடுக்கிறது. சுழற்சி முறையில் 500 டிகிரிக்கும் 200 டிகிரிக்கும் இடையே உலையை ஏற்றி இறக்குவதற்குக் காரணம் இதுவே. இந்த ஏற்ற இறக்கத்தில் போகும் நேரத்தைக் குறைக்க, சுவிட்சர்லாந்தில் யெரோன் வான் போக்கோவனின் குழு 2016இல் எல்லாப் படிகளையும் 200 டிகிரியிலேயே நடத்தி, வெப்பத்துக்குப் பதிலாக மீத்தேனின் அழுத்தத்தை 30 வளிமண்டலத்துக்கு மேல் உயர்த்திப் பார்த்தது. கிடைத்த மெத்தனால், அதிக வெப்பத்தில் தயாரான மையங்கள் தருவதை எட்டவில்லை. ஆனாலும் உலையைச் சூடாக்கிக் குளிர்விக்கும் நேரம் மிச்சமானது. பொறியியல் நோக்கில் இந்த வழி மற்றவற்றைவிட நம்பிக்கை தருவதாகவே தோன்றுகிறது.

ஆக்சிஜனுக்குப் பதிலாகத் தண்ணீரையே பயன்படுத்த முடியும் என்கிறார்களே?

சுவிட்சர்லாந்தின் பவுல் ஷெரர் நிறுவனத்தில் வான் போக்கோவன் குழு 2017இல் சயின்ஸ் ஆய்விதழில் இதை அறிவித்தது. ஹீலியத்தில் 400 டிகிரியில் சூடாக்கிய தாமிர மோர்டினைட்டை 200 டிகிரியில், 7 வளிமண்டல அழுத்த மீத்தேனோடு வினைபுரியச் செய்து, பிறகு நீராவியைச் செலுத்தினார்கள். ஒரு மோல் தாமிரத்துக்கு 0.204 மோல் மெத்தனால், 97 சதவீதத் தேர்திறன், கூடவே ஹைட்ரஜன் என்று முடிவு வந்தது. தண்ணீரிலிருந்து ஆக்சிஜன், துணைவிளைபொருளாக ஹைட்ரஜன் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இராது?

2018இல் அதே இதழில் விமர்சனக் குறிப்புகள் வெளிவந்தன. மீத்தேனும் நீரும் சேர்ந்து மெத்தனாலும் ஹைட்ரஜனும் ஆவது மோலுக்குச் சுமார் 115 கிலோஜூல் உட்கொள்ளும் வினை. சமநிலை முற்றிலும் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. வெப்பநிலையை ஏற்றி இறக்கிப் படிப்படியாகச் செய்யும்போது ஒவ்வொரு படியையும் நகர்த்திவிடலாம் என்றாலும், மொத்தக் கணக்கில் வெப்ப இயக்கவியல் தன் கட்டணத்தை எங்காவது வசூலித்தே தீரும் என்பதே விமர்சகர்களின் வாதம். ஆய்வுக் குழு தன் அளவீடுகளை நிலைநாட்டிப் பதில் எழுதியது. நீரின் பங்கு உண்மையானது. அதைக் கொண்டு பொருளாதாரமாக ஓர் ஆலை ஓடும் என்பதுதான் ஐயத்துக்குரியது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு அதிக அளவில் மெத்தனால் எடுத்ததாகப் படித்தோம். அது சிறந்த வழி இல்லையா?

வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் கிரகாம் ஹட்சிங்ஸின் குழு, இரும்பும் தாமிரமும் ஏற்றிய இசட்.எஸ்.எம்-5ஐ நீரில் போட்டு, பெராக்சைடு சேர்த்து, 50 டிகிரி அளவிலேயே மெத்தனாலைப் பெற்றது. இதில் மீத்தேனைத் தாக்குவது இரும்பு. தாமிரம் செய்யும் வேலை வேறு: உருவான மெத்தனாலை மேற்கொண்டு ஃபார்மிக் அமிலமாகச் சிதைக்கும் தனி உறுப்புகளை அது அடக்கிவிடுகிறது. காவல் காப்பதும் ஒரு வேலைதான் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால் பெராக்சைடின் விலை மெத்தனாலைவிட அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நிலைதான். வினை எப்படி நடக்கிறது என்று அறிந்துகொள்ள இந்த ஆய்வுகள் மிகவும் உதவின. தயாரிப்பு முறையாக இதை முன்வைக்க முடியாது.

ஒரு புதிய ஆய்வு வெளியாகும்போது எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

தேர்திறனை மட்டும் தனியாகப் பார்க்கவே கூடாது. மாற்ற அளவு 0.01 சதவீதமாக இருக்கும்போது 95 சதவீதத் தேர்திறன் அடைவது அரிதன்று. ஒரு மோல் தாமிரத்துக்கு எத்தனை மோல் மெத்தனால் என்று பாருங்கள், 0.5ஐத் தாண்டினால்தான் அது உண்மையில் வினையூக்கம். தாண்டாதவரை தாமிரம் வினையூக்கியாக அல்ல, வினைபடுபொருளாகவே செலவாகி, பிறகு புதுப்பிக்கப்படுகிறது. அடுத்து, கார்பன் கணக்கு நேராகிறதா என்று பாருங்கள்: உள்ளே போன கார்பன் முழுவதும் மெத்தனால், கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, எஞ்சிய மீத்தேன் என்று வெளியே எண்ணிக் காட்டப்பட்டிருக்க வேண்டும். மெத்தனாலை மட்டும் அளந்துவிட்டுத் தேர்திறன் சொல்லும் கட்டுரையை நான் ஏற்பதில்லை. கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பன் அணுவால் குறியிட்ட மீத்தேனைக் கொண்டு சரிபார்த்திருந்தால் கூடுதல் நம்பிக்கை வரும். கரைப்பானிலோ வினையூக்கியிலோ ஒளிந்திருந்த கார்பன் மெத்தனாலாக வெளிப்பட்டு ஏமாற்றுவதும் உண்டு.

எஸ்.எஸ்.இசட்-13 டீசல் வண்டிகளில் பயன்படுவதாகச் சொல்வது உண்மையா?

உண்மை. டீசல் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவால் நைட்ரஜனாக மாற்றும் வேலையைத் தாமிரம் ஏற்றிய எஸ்.எஸ்.இசட்-13 உலகம் முழுவதும் வண்டிகளின் புகைக்குழாயில் செய்துகொண்டிருக்கிறது. நீராவியும் கடும் வெப்பமும் தாங்கும் சியோலைட்டு அது என்பதால் மீத்தேன் ஆய்வாளர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். தாமிரச் சியோலைட்டைப் பெருமளவில் தயாரிக்கத் தெரியாது என்ற கவலை இதனால் தீர்ந்தது.

மீத்தேன் என்றதும் காவிரிப் படுகை நினைவுக்கு வருகிறது. இந்த ஆய்வு புதிய கிணறுகளை ஊக்குவிக்காதா?

நியாயமான கேள்வி. மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் திட்டத்தை விவசாயிகள் எதிர்த்தது நிலத்தடி நீரும் வயலும் பாழாகும் என்ற அச்சத்தால். 2020இல் டெல்டா மாவட்டங்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயின. மீத்தேனை எங்கே தோண்டுவது என்பதை வினையூக்கி தீர்மானிப்பதில்லை. ஏற்கெனவே எரிந்துகொண்டோ கசிந்துகொண்டோ இருக்கும் மீத்தேனையும் சாண எரிவாயு, குப்பைமேட்டு வாயு போன்றவற்றையுமே இந்த ஆய்வின் இலக்காகக் கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மெத்தனால் நச்சு அல்லவா?

கொடிய நச்சு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். உடலுக்குள் கல்லீரலின் நொதிகள் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. கண் நரம்பைச் சிதைப்பதும் இரத்தத்தை அமிலமாக்குவதும் அந்த ஃபார்மிக் அமிலமே. குழாயில் நாம் தடுக்கப் போராடும் அதே மேல் ஆக்சிஜனேற்றம்தான் உடலில் உயிரைப் பறிக்கிறது. நிறத்தாலோ மணத்தாலோ எத்தனாலிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது என்பதால், சிறிய ஆலைகள் ஊருக்கு ஊர் வரும் காலம் வந்தால், ஒவ்வொரு லிட்டரும் எங்கே போனது என்று கணக்கு வைக்கும் ஏற்பாடு அதற்கு முன்பே வந்தாக வேண்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் இதைத் தொடங்க விரும்பும் மாணவர் எதிலிருந்து தொடங்கலாம்?

வணிகரீதியில் கிடைக்கும் மோர்டினைட்டை வாங்கி, அயனிப் பரிமாற்றத்தைச் சரியாகச் செய்யப் பழகுவதிலிருந்து. ஒரே மோர்டினைட்டில் தாமிரத்தின் அளவை மட்டும் மாற்றி ஐந்தாறு மாதிரிகள் செய்து, தாமிரத்தின் அளவுக்கு எதிராக மெத்தனாலின் அளவை வரைபடமாக்கினால், கோடு எங்கே நேராக ஏறுகிறது, எங்கே தட்டையாகிறது என்பது தெரியும். தட்டையாகும் இடத்துக்கு மேல் சேர்த்த தாமிரம் வேலை செய்யாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அறியலாம். சோடிய வடிவ மோர்டினைட்டோடு தொடங்கியதற்கும் ஹைட்ரஜன் வடிவத்தோடு தொடங்கியதற்கும் விடை வேறாக வரும். எதிலிருந்து தொடங்கினோம் என்று குறிப்பேட்டின் முதல் வரியிலேயே எழுதிவைக்க வேண்டும்.

கருவிக்கு முன்பு பாதுகாப்பு. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். ஆக்சிஜன் குழாயும் மீத்தேன் குழாயும் ஒரே நேரத்தில் திறக்காதபடி வால்வுகளை அமைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் உலைக்குழாயின் கொள்ளளவைப் போல் பல மடங்கு ஹீலியத்தைச் செலுத்தி, வெளிவரும் வாயுவில் முந்தைய வாயு இல்லை என்று அளந்து பார்த்த பிறகே அடுத்த வால்வைத் திறக்க வேண்டும்.